பேனல் வைக்க இடம் தேடும் ஆராய்ச்சிக்கு வருகிறீர்களா? டெல்டாவிலிருந்து ஒரு வழிகாட்டி

கடந்த சித்திரையில் எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. பதிவு செய்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்து ஆண்டு எட்டு மாதம். அதில் ஒன்றரை ஆண்டு, முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். சூரியமின் நிலையத்தையோ வைக்கோலை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தையோ எங்கே வைத்தால் செலவும் சேதமும் குறையும் என்று கணினியில் மாதிரி கட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. ஆய்வுப் பகுதி, நான் பிறந்து வளர்ந்த காவிரி டெல்டா. மின்னியல், புவியியல், வேளாண் பொறியியல், கணினி என்று எதைப் படித்திருந்தாலும் இந்தப் பக்கம் வரலாம். வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. கேள்வியை வயல் அளவுக்குச் சுருக்குங்கள்

“காவிரி டெல்டாவில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு உகந்த இடங்கள்” என்று என் முதல் முன்மொழிவில் தலைப்பு வைத்தேன். கேட்பதற்கு நன்றாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு கணக்குகூடப் போட முடியாது. எந்த ஆற்றல், எத்தனை மெகாவாட், யார் நிலத்தில், யார் வாங்க? இந்த நான்குக்கும் பதில் இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி.

காற்றாலையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தமிழ்நாட்டின் காற்று ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் இருக்கிறது. நம் வயல்வெளியில் வீசுவது வியர்வையை ஆற்றும், காற்றாலையைச் சுழற்றிக் கட்டுபடியாகச் செய்யாது. இதை நிரூபிக்க நான்கு மாதம் செலவிட்டவள் நான்.

டெல்டாவுக்கே உரிய கேள்விகள் வேறு. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலைக் கட்டுகளாக்கிச் சேகரிக்க எத்தனை மையங்கள், எந்தெந்த ஊரில் வேண்டும்? அரிசி ஆலைகள், நெல் சேமிப்புக் கிடங்குகள் ஆகியவற்றின் கூரைகளில் எவற்றைத் தேர்ந்தால் அருகிலுள்ள துணை மின்நிலையம் தாங்கும்? விவசாயிகளுக்கான மத்திய அரசின் சூரியமின் திட்டமான குசுமின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களைத் துணை மின்நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் அமைக்கச் சொல்கிறது. நஞ்சைக்கு நடுவே நிற்கும் ஒரு துணை மின்நிலையத்தைச் சுற்றி அந்த வட்டத்தை வரைந்தால் உள்ளே என்ன மிஞ்சும்? ஒவ்வொன்றும் தனி ஆய்வேட்டுக்குத் தாங்கும்.

கால்வாய் மேல் பேனல் போடும் யோசனை புதியவர்கள் எல்லோருக்கும் வரும். குஜராத்தில் 2012இல் செய்து காட்டினார்கள். ஆனால் இங்கே ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்கால்களில் தூர்வார இயந்திரம் இறங்கியாக வேண்டும். மேலே இரும்புச் சட்டம் இருந்தால் இயந்திரம் தன் கையை எங்கே தூக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பொதுப்பணி அனுபவம் உள்ள ஒருவர் முன் போய் நிற்காதீர்கள். நான் நின்றேன்.

2. நுழைவுத் தேர்வும் சான்றிதழும்

வழி இரண்டு. பொறியியல் பட்டதாரிகளுக்கு கேட் என்னும் தேசிய அளவிலான தேர்வு. 2022 முதல் அதில் புவித்தகவல் பொறியியலுக்கென்று தனித் தாளே இருக்கிறது. இந்தத் துறைக்கு அதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. கட்டணம் சுமார் 2,000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

முதுகலை படித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை, ஜூன் சுற்றும் டிசம்பர் சுற்றும். புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டும் பாடப் பட்டியலில் உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகைக்குத் தகுதி பெறாமல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தேர்வானால், அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான். பலர் “நெட் எழுதிவிட்டேன், மெதுவாகச் சேரலாம்” என்று இருந்துவிட்டுக் காலாவதியான தாளோடு நிற்கிறார்கள்.

இடம் தேடுகிறவர்களுக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை, தஞ்சாவூரில் சாஸ்த்ரா. சென்னை என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கும் ஆற்றலுக்கும் தனித்தனி ஆய்வு மையங்களே உண்டு.

இப்போது பொறி. நம்மிடம் இருப்பது பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று மாநில அரசு தந்த சாதிச் சான்றிதழ். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் “வசதி படைத்த பிரிவில் சேராதவர்” என்ற இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேண்டும்; பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர எனக்கு இருபத்திரண்டு நாள் ஆனது. தேர்தல் சமயமாக இருந்தால் இன்னும் ஆகும். இன்னொன்று: எட்டு லட்ச வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. “அப்பாவுக்கு ஒரு வேலி நிலம் இருக்கிறதே, கிடைக்காது” என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

கையில் எப்போதும் இருக்க வேண்டியவை: எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, மாற்றுச் சான்றிதழ், பல்கலைக்கழகம் மாறினால் இடப்பெயர்வுச் சான்றிதழ், வேலையில் இருந்தால் தடையின்மைச் சான்று. பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழ் வரத் தாமதமாகும். சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல், கடைசித் தேர்வு முடிவு வந்த வாரமே எழுதிப் போடுங்கள்.

3. நெறியாளரைப் பார்க்கும் முன்

பட்டம் வாங்க யுஜிசி வகுத்த காலம் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு. எந்தப் பக்கம் முடிவது என்பதில் பாதி நெறியாளர் கையில். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் அவருடைய மூத்த மாணவரிடம் தேநீர் வாங்கிக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா? களப்பணிக்குப் பணம் உண்டா? கட்டுரையில் யார் பெயர் முதலில்? மூன்றாவதற்குப் பதில் வராமல் சிரிப்பு மட்டும் வந்தால் யோசியுங்கள்.

எனக்கு முதல் உதவித்தொகை சேர்ந்து ஐந்து மாதம் கழித்து மொத்தமாக வந்தது. அதுவரை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேறு வழி செய்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

4. கணினியும் மென்பொருளும்

இதில் பணத்தைக் கொட்டாதீர்கள். 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி, 2 டெராபைட் வெளிவட்டு ஒன்று போதும். வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ் இலவசம். செயற்கைக்கோள் படங்களைத் தரவிறக்காமலேயே அலச கூகுள் எர்த் எஞ்சின் இருக்கிறது. எந்த இடத்தில் செலவு குறையும் என்ற கணக்கைத் தீர்க்கும் மென்பொருளில் ஹைஸ் (HiGHS) இலவசம். குரோபியும் மாணவர்களுக்கு இலவசம், ஆனால் உரிமத்தை வளாக இணையத்திலிருந்துதான் பெறவும் புதுப்பிக்கவும் முடியும். விடுமுறையில் ஊரில் உட்கார்ந்து புதுப்பிக்கலாம் என்று இருந்து ஒரு பொங்கலை நான் இழந்தேன்.

டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழிப் பயிற்சிகளை இலவசமாக நடத்துகிறது. ஐஐடிகளின் இணையவழிப் பாடங்களான என்பிடெல்லைக் கேட்கக் காசில்லை, தேர்வுக்கு 1,000 ரூபாய். ஐம்பதாயிரம் கேட்கும் “சான்றிதழ் வகுப்பு” எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு எண்ணை மனத்தில் இருத்துங்கள்: 44. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் எல்லாம், உலகை நீள மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் வரைபட முறையில் 44 வடக்கு மண்டலத்தில் வருகின்றன. கோயம்புத்தூரை எடுத்துக்காட்டாக வைத்துச் செய்த பயிற்சிக் காணொளியைப் பார்த்து அப்படியே 43 என்று போட்டால் பரப்பளவு தவறும்.

5. தரவு: பாடப்புத்தக அடுக்குகள் இங்கே வேலை செய்யாது

ஒரே பகுதிக்கு வெயில், வெள்ளம், உடைமை என்று தனித்தனியாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வரைபடங்களைத்தான் அடுக்குகள் என்கிறோம். எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் முதல் இரண்டு அடுக்கு வெயிலும் நிலத்தின் சாய்வும்தான். உலகச் சூரிய வரைபடத்தைத் திறந்து டெல்டாவைப் பாருங்கள். கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை ஏறக்குறைய ஒரே நிறம். பெரிய கோயில் விமானத்தில் அடிக்கும் வெயில்தான் வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் அடிக்கிறது. நாசாவின் பவர் தரவு, ஐரோப்பிய இஆர்ஏ5 வானிலைத் தரவு எல்லாம் நல்லவைதான், ஆனால் இஆர்ஏ5இன் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். தஞ்சாவூரில் தொடங்கினால் பாபநாசம் தாண்டும் வரை ஒரே எண்.

நிலத்தின் சாய்வு, அதாவது சரிவு, அதைவிட மோசம். ஐந்து விழுக்காட்டுக்குக் குறைந்த சரிவு தேவை என்று நிபந்தனை வைத்தால் டெல்டா முழுவதும் தேர்ச்சி பெற்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடம் மரத்தின் தலையையும் சேர்த்து அளப்பதால் தென்னந்தோப்பெல்லாம் மேடாகத் தெரியும். என் முதல் வரைபடத்தில் பேராவூரணிப் பக்கம் ஒரு குன்று இருந்தது.

ஆகவே உங்கள் முதல் ஆண்டை இந்த இரண்டு அடுக்கிலும் போடாதீர்கள். இடத்துக்கு இடம் உண்மையில் மாறுபவை வேறு: ஐப்பசி கார்த்திகையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, எத்தனை போகம், யாருடைய நிலம், துணை மின்நிலையத்தில் எவ்வளவு இடம் மிச்சம்.

போகத்தைப் பற்றி ஒரு சொந்தக் கதை. மேகமில்லாத நல்ல படம் வேண்டும் என்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளின் மே மாதப் படத்தை எடுத்தேன். பளிச்சென்று இருந்தது. அதை வகைப்படுத்தினால் மன்னார்குடி வட்டத்தின் பெரும்பகுதி “தரிசு” என்று வந்தது. குறுவை, தாளடி, அதன்பின் உளுந்து என்று மூன்று முறை விளையும் மண். மேட்டூர் திறக்காத மே மாதத்தில் அது வேறு எப்படித் தெரியும்? அந்த வரைபடத்தை வீட்டில் அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் ஊரைத் தேடினார். “நம் வயலும் தரிசா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஓராண்டு முழுவதற்குமான படங்களை வரிசையாக வைத்து, பசுமை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் படமான சென்டினல்-1தான் கைகொடுக்கும், வெள்ள அடுக்குக்கும் அதுவே. தண்ணீர் விட்ட வருடம், விடாத வருடம் என்று குறைந்தது மூன்று ஆண்டாவது பாருங்கள். வேதாரண்யத்து உப்பளமும் கரையோர இறால் குட்டையும் கணினிக்கு வெற்றிடமாகத் தெரியும். அவற்றைக் கையால் குறித்து நீக்க வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே விலக்க வேண்டிய இடங்களும் உண்டு. கோடியக்கரை 2002 முதலும், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் 2022 முதலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், ஏரி குளம் எல்லாம் இதே வரிசை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையத்தை எடுத்துக்காட்டாக வைத்து மாதிரியைப் பழக்காதீர்கள். அந்த வறண்ட மண்ணில் கற்ற மாதிரிக்கு வாய்க்கால் என்றால் என்னவென்றே தெரியாது.

6. நிலப் பதிவேடு: ஆய்வின் பாதி இங்கேதான்

பட்டா, சிட்டா, ஊரின் நிலங்களையெல்லாம் பட்டாதாரர் பெயரோடு பட்டியலிடும் அ-பதிவேடு, வயல் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படம் நான்கையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் தெரிந்திருக்க வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் தேடிப் பார்க்கவும் காசில்லை. புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. “தமிழ்நிலம்” வரைபடச் சேவையில் புல எண் எல்லைகள் செயற்கைக்கோள் படத்தின் மேல் தெரியும், ஆனால் சில ஊர்களில் ஒரு வரப்பு தள்ளித் தெரிகிறது. வயல் மூலை, கிணறு, மதகு என்று அசையாத நான்கு புள்ளிகளைக் கைபேசியில் குறித்துவந்து சரிசெய்யுங்கள்.

அடுத்தது அளவு. பட்டாவில் ஹெக்டேர், ஏர். தரகர் வாயில் ஏக்கர், சென்ட். விவசாயி வாயில் மா, குழி, வேலி. உங்கள் கணினிக்கு சதுர மீட்டர். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். நூறு குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, அது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ஒரு மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஏக்கர், அதாவது பதினைந்து மா. விவசாயியிடம் பேசும்போது “மெகாவாட்டுக்குப் பதினைந்து மா” என்று சொல்லிப் பாருங்கள். அந்த நொடியிலிருந்து பேச்சு வேறு மாதிரிப் போகும். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பொறி உடைமை. என் மாதிரி அதிகபட்ச மதிப்பெண் கொடுத்த இடம் இருபத்திரண்டு ஏக்கர், ஒரே பட்டா, துணை மின்நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர், தார்ச்சாலை ஓரம். இதைவிட என்ன வேண்டும்? பங்குனி மாதத்து ஒரு காலையில் பஸ் பிடித்துப் போனேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. அலுவலர் நான் நீட்டிய வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பீரோவிலிருந்து அ-பதிவேட்டை எடுத்தார், உமிழ்நீர் தொட்டுப் பக்கம் புரட்டினார், ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். பட்டாதாரர் பெயர் இருக்கும் கட்டத்தில் “அருள்மிகு” என்று தொடங்கி இரண்டு வரிக்கு ஒரு சாமியின் பெயர்.

“ஏம்மா, சாமியிடம் கையெழுத்து வாங்கித் தருமா உங்கள் கம்ப்யூட்டர்?”

அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தாம் அதே நிலத்தில் நான்கு மா குத்தகைக்குப் பயிர் செய்வதாகவும், தம் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் என்றும் சொன்னார். ஒரே உடைமையாளர் என்று கணினி மகிழ்ந்த நிலத்தில் பதினேழு குத்தகைக் குடும்பங்கள். டெல்டாவில் கோயில், மட நிலங்கள் எவ்வளவு பரந்தவை என்பது எனக்குத் தெரியாத செய்தியா? பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அந்தப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் என் அடுக்குகளில் அது ஒரு பத்தியாகக்கூட இல்லை. திரும்பி வந்து, பட்டாதாரர் பெயர் “அருள்மிகு” என்று தொடங்குபவற்றைத் தனி வகையாகப் பிரித்தேன். பட்டியலில் முதலில் இருந்த ஐம்பதில் பத்தொன்பது போயின.

புறம்போக்கு என்றதும் துள்ளிக் குதிக்காதீர்கள். மேய்க்கால் புறம்போக்கில் ஊர் ஆடு மேயும். நீர்நிலைப் புறம்போக்கைத் தொடவே முடியாது. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நஞ்சையை வேறு பயனுக்கு மாற்றுவதற்குத் தனி அனுமதி உண்டு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். அதன் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு எடுப்பும், உருக்காலைகளும், தோல் பதனிடுதலும் இருக்கின்றன. சூரியமின் நிலையம் இல்லை. இல்லை என்பதாலேயே அனுமதி உண்டு என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். டெல்டாவில் நில அளவைக் கருவியோடு யாராவது வரப்பில் நின்றால், மீத்தேனா ஹைட்ரோகார்பனா என்று கேட்டுக்கொண்டு நான்கு பேர் வருவார்கள். நிறுவனக் கடிதமும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும், அதைவிட முக்கியமாக அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட இருக்கட்டும்.

7. துணை மின்நிலையத் தகவலுக்குத் தகவல் உரிமைச் சட்டம்

எந்த மின்மாற்றியில் எவ்வளவு திறன் மிச்சம் என்பது எந்த வரைபடத்திலும் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம், பதிவுத் தபால், 30 நாளில் பதில் தர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

என் முதல் விண்ணப்பத்தில் “புதிய சூரியமின் நிலையத்தை இணைக்க முடியுமா?” என்று கேட்டிருந்தேன். “கருத்துக் கூற இயலாது” என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதில் எழுபது நாள் போனது. கருத்தைக் கேட்கக் கூடாது, ஆவணத்தைக் கேட்க வேண்டும்: இன்ன துணை மின்நிலையத்தில் உள்ள ஒவ்வொரு மின்மாற்றியின் திறன், கடந்த 24 மாதங்களில் மாதவாரியான உச்ச சுமை, இதைப் பதிந்த பதிவேட்டின் நகல். ஒரு விண்ணப்பத்தில் ஒரு துணை மின்நிலையம் மட்டும் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றவை தப்பிக்கும். 2024இல் மின்வாரியம் பிரிக்கப்பட்டு மின்பகிர்மானக் கழகமும் பசுமை எரிசக்திக் கழகமும் தனித்தனியானதால், பழைய முகவரிக்குப் போட்டால் சுற்றிக்கொண்டு வரும். அந்தந்தக் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலர் யார் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

8. களத்துக்கு எப்போது போவது

மாசி இறுதி முதல் வைகாசி நடு வரை. வரப்பு காய்ந்திருக்கும், மக்களுக்குப் பேச நேரமிருக்கும். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்குக்கு மேல். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எதிரே தெரியும் வயலுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். தை அறுவடையிலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்கும் நாட்களிலும் கேள்வித்தாளை நீட்டாதீர்கள்.

மனிதர்களிடம் கேள்வித்தாள் கொண்டு போவதாக இருந்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசைப்பட்டால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. கஜா புயலைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். 2018 நவம்பர் 16 விடியலில் எந்தப் பக்கத்துக் கூரை போனது, எந்தப் பக்கத்துத் தென்னை நின்றது என்று வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்து மக்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். பேனலைத் தாங்கும் சட்டத்துக்கான காற்று அடுக்கை நான் அந்த விரல்களை வைத்துத்தான் சரிபார்த்தேன்.

9. எடை போடுவதில் நடக்கும் மோசடி, நமக்கு நாமே செய்வது

அடுக்குகளுக்கு முக்கியத்துவம் தர எல்லோரும் தாமஸ் சாட்டி உருவாக்கிய ஏஎச்பி முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நிபுணர்களிடம் “எது எதைவிட முக்கியம்?” என்று இரண்டிரண்டாகக் கேட்டு எடை கணக்கிடுவது. பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் இசைவு விகிதம் 0.1க்குள் இருந்தால் சரி. நான் பன்னிரண்டு நிபுணர்களிடம் கேட்டேன். பன்னிரண்டு பேரும் பேராசிரியர்கள். வெயிலுக்குத்தான் எல்லோரும் முதலிடம் தந்தார்கள், டெல்டா முழுவதும் ஒன்றாக இருக்கும் அதே வெயிலுக்கு.

அதோடு இன்னொரு கண்கட்டு சேர்ந்துகொண்டது. எல்லா அடுக்கையும் 0 முதல் 1 வரை இழுத்துச் சமன்செய்வது வழக்கம். வெயிலில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு வித்தியாசம் இருந்தாலும், குறைந்ததை 0 என்றும் கூடியதை 1 என்றும் இழுத்துவிட்டால் அது வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசமாக மாறிவிடும். வரைபடம் பல நிறத்தில் அழகாக வரும். அவ்வளவும் பொய். இடத்துக்கு இடம் மாறாத அடுக்கை மாறிலியாக வைத்துவிட்டு, விலக்க வேண்டியதை முதலில் விலக்கி, மிஞ்சியதற்கு மட்டும் எடை போடுங்கள். நிபுணர் பட்டியலில் பாசனப் பிரிவுப் பொறியாளர் ஒருவர், துணை மின்நிலைய உதவிப் பொறியாளர் ஒருவர், குத்தகை விவசாயிகள் இரண்டு பேராவது இருக்கட்டும்.

பிறகு எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதல் பத்து இடங்கள் உடனே மாறினால் உங்கள் முடிவு மணல்வீடு. கட்டுரையை மதிப்பிடுகிறவர் இதை எப்படியும் கேட்பார்; அவர் கேட்ட பிறகு செய்தால் மூன்று மாதம், முன்பே செய்தால் மூன்று நாள்.

10. வெளியீடு

நல்ல ஆய்விதழில் கட்டுரை ஏற்கப்பட ஆறு மாதம் முதல் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கும்படி, திறந்த அணுக்கத்தில் வெளியிட டாலர் கணக்கில் லட்சங்கள் கேட்பார்கள். சந்தா முறையில் வெளியிட்டால் பெரும்பாலும் ஒரு பைசாவும் இல்லை. பல இதழ்களில் இரண்டு வழியும் உண்டு, படிவத்தில் சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். “48 மணி நேரத்தில் ஏற்பு, 4,000 ரூபாய் மட்டும்” என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களில் ஒருமுறை பெயர் வந்துவிட்டால் நேர்காணல்தோறும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். படிக்கக் கட்டுரை கிடைக்கவில்லையென்றால், அரசு நிறுவன மாணவர்களுக்கு 2025 ஜனவரி முதல் “ஒரே நாடு ஒரே சந்தா” இருக்கிறது, நூலகரிடம் கேளுங்கள்.

11. கடைசி ஆண்டும் வேலையும்

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம், பெங்களூரில் சிஸ்டெப், தில்லியில் சீஇஇடபிள்யூ போன்ற ஆய்வு அமைப்புகள் இந்தத் திறமை உள்ளவர்களை எடுக்கின்றன. சூரியமின் நிறுவனங்களில் இடத்தேர்வுப் பிரிவு இருக்கிறது. சம்பளம் கூடுதல், ஆனால் நீங்கள் போட்ட வரைபடம் வெளியே வராது. தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் உமி, வைக்கோல் பக்கம் போகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். நேர்காணலுக்குப் போகும்போது ஆய்வேட்டைவிட, ஒரே ஒரு ஊரின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள். எனக்கு வேலை வாங்கித் தந்தது, அந்தப் பத்தொன்பது “அருள்மிகு” நிலங்களைக் காவி நிறத்தில் காட்டிய தாள்தான். மேசையில் விரித்து வைத்ததும் கேள்வி கேட்பவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையே எனக்கு ஏழு மாதம் ஓடியது. உதவித்தொகை சமர்ப்பித்த மாதத்தோடு நின்றுவிடும். அந்த ஏழு மாதச் செலவை ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அஞ்சலக வைப்பில் போட்டு வைத்திருந்தேன், மாதம் ஐயாயிரம். சமர்ப்பிக்கும் முன் நூலகம், விடுதி, ஆய்வகம் என்று ஒவ்வொரு பிரிவிலும் நிலுவையின்மைக் கையெழுத்து வாங்க வேண்டும். விடுதிக் காப்பாளர் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கிடைப்பதில்லை, புதன்கிழமையே போய்விடுங்கள்.